காற்று எந்தப் பக்கம்

ஜனவரி 18, புதன்

கோயமுத்தூர் கடையிலிருந்து கத்தரிக்காய்க் கூடைகள் திரும்பி வந்துவிட்டன. ஒன்றிரண்டு அல்ல, அனுப்பிய அத்தனையும். வண்டிக்காரர் இறக்கி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். ஒவ்வொன்றாகப் பிளந்து பார்த்தேன். வெளியே எண்ணெய் தடவியது போல் மினுமினுப்பு, உள்ளே கறுத்துப்போன சுரங்கம். பாதிக்கு மேல் புழு குடியிருக்கிறது. மாட்டுக்குப் போட்டேன். மாடுகூட மோந்து பார்த்து யோசித்துத்தான் தின்றது.

வருடம் பிறந்து இத்தனை நாள் கழித்து இன்றுதான் டைரியைத் திறக்கிறேன். கொழுந்தனார் உரக்கடையில் கொடுத்த டைரி இது. அட்டையில் பூச்சிமருந்து விளம்பரம். நோய்நொடி இல்லாத ஒரு கத்தரிக்காய்க்குக் கையும் காலும் வரைந்து சிரிக்க விட்டிருக்கிறார்கள். பழைய காலண்டர் தாளைப் போட்டு மூடிவிட்டேன். இயற்கை விவசாயம் செய்கிற துளசிமணி வீட்டில் இது கிடப்பதை யாராவது பார்த்தால் மானம் போய்விடும்.

ஜனவரி 20

வேப்பங்கொட்டை இடித்து ஊறவைத்தேன். இடுப்பு கழன்றுவிட்டது.

ஜனவரி 26, வியாழன்

குழுக்கூட்டம். ராசாமணி அண்ணன் வீட்டு ஷெட்டில்தான் எப்போதும் கூடுவோம். அவர்தான் குழுத் தலைவர். ஒன்பது குடும்பம், ஆளுக்கு இரண்டு மூன்று ஏக்கர். ஒருவர் காட்டை இன்னொருவர் போய்ச் சோதித்து, மருந்தும் உரமும் போடவில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சான்றிதழை நம்பித்தான் கடைக்காரர்கள் எடுக்கிறார்கள். சந்தையில் கிடைப்பதைவிட நல்ல விலை. அதனால்தான் எங்களைப் போன்றவர்கள் இன்னும் காட்டை விற்காமல் இருக்கிறோம்.

கடையிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்களாம். கத்தரிக்காய் இன்னொரு முறை இப்படி வந்தால் வேறு இடத்தில் பார்த்துக்கொள்வார்களாம். கீரைக்கும் வெண்டைக்கும் மட்டும் வண்டி இவ்வளவு தூரம் வராது. என் கத்தரி நின்றால் எல்லோருக்கும் நிற்கும். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கத்தரியை மருந்தில்லாமல் விளைவிக்க முடியாது என்கிறவர்களுக்கெல்லாம் துளசிதான் பதில் என்று ராசாமணி அண்ணன் போகிற இடமெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். போன வருடம் விவசாயக் கல்லூரி மேடையில் ஏற்றி மைக்கைக் கையில் கொடுத்தார். நானும் வாய் வலிக்கப் பேசினேன். கோயமுத்தூர் கடைச் சுவரில் ஆளுயரத்துக்கு என் படம் இருக்கிறது. மடியில் கூடை, கூடை நிறையக் கத்தரிக்காய், என் பல் அத்தனையும் தெரியச் சிரிப்பு.

"துளசி, சமாளிச்சுக்குவியல்ல?" என்று கேட்டார்.

"சமாளிச்சுக்கலாமுங்ணா" என்றேன். முடியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

பிப்ரவரி 1, புதன்

இவர் தைப்பூசத்துக்கு நடையாகப் பழனிக்குக் கிளம்பிவிட்டார். ஊரிலிருந்து இருபது பேர், எல்லோரும் பச்சை வேட்டி. எதற்கு வேண்டுதல் என்று கேட்டேன். "கத்தரிக்காய்க்குத்தான், வேறெதுக்கு" என்று சிரித்தார். தண்ணீர் மோட்டாரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி நாச்சிமுத்து அண்ணனிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நாச்சிமுத்து அண்ணன் காடு எங்களுக்குக் கிழக்கே, வரப்பை ஒட்டி. மிளகாய் போட்டிருக்கிறார். அவர் மருந்து அடிக்கிறவர்தான், அதை ஒளித்ததில்லை. "உங்க மாதிரி பொறுமை எனக்கில்லீங் அம்மிணி" என்பார். ஆனால் அடிக்கிற நாளைக்கு முதலிலேயே வந்து சொல்லிவிடுவார், எங்கள் ஓரத்து வரிசைகளை விட்டுவிட்டுத்தான் அடிப்பார். எங்கள் கிணறு வற்றினால் கேட்காமலே வாய்க்காலைத் திருப்பிவிடுவார்.

பிப்ரவரி 2

தாராபுரத்தில் ஒரு வேலை இருந்தது, போய் வந்தேன்.

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எனக்காக எழுதுகிற நோட்டில்கூடப் பொய் எழுதினால் பிறகு எங்கே போய் உண்மை சொல்வது? மருந்து வாங்கத்தான் போனேன். காங்கயத்தில் எல்லாக் கடையிலும் என்னைத் தெரியும், கொழுந்தனார் கடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தாராபுரத்திலும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சாராயக் கடைக்குப் போகிறவள் மாதிரி நுழைந்தேன். என்ன பயிர் என்று கேட்டார் கடைக்காரர். பருத்தி என்றேன். ஒரு வெள்ளை டப்பாவை எடுத்துக் கொடுத்து, அடித்தபின் ஒரு வாரம் ஆடுமாடு மேய விடாதீங்க என்றார். தலையாட்டினேன்.

மனிதர்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பருத்தியை யார் தின்னப் போகிறார்கள்.

பிப்ரவரி 3

விடிந்ததும் கத்தரிக்குப் பஞ்சகவ்யம் அடித்தேன். டப்பாவில் இருந்ததையும் அதோடு கலந்துகொண்டேன். பஞ்சகவ்ய வாசத்தில் மற்றது தெரியாது. ஒரே ஒரு முறைதான். ஒன்பது குடும்பத்துப் பிழைப்பு.

முதுகில் மாட்டி அடிக்கிற டேங்க்கைச் சோப்புப் போட்டு மூன்று தண்ணீரில் அலசி, வெயிலில் கவிழ்த்து வைத்தேன். டப்பாவைக் குழி தோண்டிப் புதைத்தேன். அப்புறம் குளித்தேன். மத்தியானம் இன்னொரு தரம் குளித்தேன்.

பிப்ரவரி 6, திங்கள்

இவர் வந்துவிட்டார். கால் முழுக்கக் கொப்புளம். பஞ்சாமிர்தத்தை என் உள்ளங்கையில் வைத்துச் சாப்பிடச் சொன்னார். கையைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போய் நெடுநேரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 15

காய் என்றால் அப்படி ஒரு காய். குருத்து நிமிர்ந்துவிட்டது. இனக்கவர்ச்சிப் பொறியில் அந்துப்பூச்சி ஒன்றுகூட இல்லை. இவர் செடியைத் தடவிக்கொடுத்து "முருகா" என்றார். முருகனுக்கும் என் மேல் கோபம் இருக்கும்.

முதல் லோடு போய்விட்டது. ஒரு வாரத்துக்கு மேல் விட்டுத்தான் பறித்தேன். அதையாவது செய்தேன். கடையிலிருந்து போன் போட்டுப் பாராட்டினார்கள். கடையில் வேலை செய்கிற பெண்ணின் குரலில் அத்தனை சந்தோஷம், நன்றி என்று சொல்லிச் சட்டென்று வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 24, வெள்ளி

ராசாமணி அண்ணன் போன். கடைக்காரர்கள் அவ்வப்போது காய்களை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்களாம். இந்த முறை கத்தரி அகப்பட்டுவிட்டது. மருந்து இருக்கிறதாம்.

"உன் மேல எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை துளசி" என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை குழு முழுக்க வந்து காட்டைப் பார்ப்பார்களாம்.



பிப்ரவரி 26, ஞாயிறு

எல்லோரும் வந்தார்கள். கரைசல் தொட்டியைப் பார்த்தார்கள், பொறிகளைப் பார்த்தார்கள், டேங்க்கை மோந்து பார்த்தார்கள். நான் கூடவே நடந்தேன். குழு விதியை ராசாமணி அண்ணன் எல்லோர் முன்னாலும் சொன்னார். காட்டுக்காரர்களே அடித்திருந்தால் அவர்களை நீக்க வேண்டும், மற்றவர்களிடமும் கடைக்காரர்கள் கொஞ்ச நாள் எடுக்க மாட்டார்கள். பக்கத்துக் காட்டிலிருந்து காற்றில் வந்திருந்தால் அது வேறு. ஓரத்தில் வேலி வளர்த்து மறுசோதனை செய்தால் போதும்.

கிழக்கே வந்தபோது அவர் வரப்பில் நின்றுவிட்டார். அந்தப் பக்கம் மிளகாய் பச்சைப் பசேலென்று நின்றது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

"பக்கத்துல மருந்து அடிப்பாங்களா துளசி?"

"அடிப்பாங்க" என்றேன். அது உண்மைதான். பிறகு நானே, யாரும் கேட்காமல், "இந்த மாசத்துல காத்து அந்தப் பக்கமிருந்துதானுங்ணா அடிக்குது" என்றேன்.

எட்டுப் பேருக்கும் ஒரே நேரத்தில் மூச்சு வந்தது. எனக்குத்தான் நின்றுவிட்டது.

பிப்ரவரி 27

நான் யார் பெயரையும் சொல்லவில்லை. தை, மாசியில் காற்று கிழக்கிலிருந்துதான் அடிக்கிறது. அது ஊருக்கே தெரியும்.

மார்ச் 2, வியாழன்

குழுவிலிருந்து இரண்டு பேர் போய் நாச்சிமுத்து அண்ணனிடம் பேசியிருக்கிறார்கள். சண்டை போடவில்லை, நயமாகத்தான் பேசினார்களாம். சாயங்காலம் அவர் வந்தார். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை, வாசலிலேயே நின்றார். கையில் ஒரு பை பச்சை மிளகாய் கொண்டுவந்துவிட்டு, மருந்தடித்த மிளகாயை இந்த வீட்டில் கொடுக்கலாமா என்று அதை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பொங்கல் கழிஞ்சு ஒரு தடவை அடிச்சனுங்க அம்மிணி. மேக்கால நாலு வரிசை விட்டுட்டுத்தான் அடிச்சேன். காத்து நின்னுபோயிருந்த மாதிரிதான் இருந்துச்சு. எனக்குத்தான் சரியாத் தெரியலையோ என்னமோ."

அதெல்லாம் ஒன்றுமில்லை அண்ணா, விடுங்கள் என்றேன். பெரிய மனசுக்காரி மாதிரி நான் சொன்னதும் அவர் கண் கலங்கிவிட்டது. என்ன மருந்து என்று சோதனையில் தெரிந்ததா என்று கேட்டார். என்னவோ பேர் சொன்னார்கள், வாயில் நுழையவில்லை என்றேன். பேரைச் சொல்லியிருந்தால், தான் வாங்காத மருந்து என்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

பேர் எனக்கு நன்றாகவே வாயில் நுழையும்.

மார்ச் 5

நாச்சிமுத்து அண்ணன் எங்கள் வரப்பை ஒட்டிய மிளகாய்ச் செடிகளைப் பிடுங்குகிறார். காயோடு இருக்கிற செடி. பழுக்கக்கூட விடவில்லை. அந்த இடத்தில் அகத்தி விதைக்கப் போகிறாராம். நெருக்கி விதைத்தால் சீக்கிரம் உயர்ந்து காற்றை மறித்துவிடுமாம். வேலி நம் செலவு, நம் பக்கம் வைத்துக்கொள்கிறோம் என்று இவர் போய்ச் சொல்லிப் பார்த்தார். "தப்பு எங்க பக்கம், எடமும் எங்க பக்கமே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாராம்.

இவர் வந்து இதைச் சொல்லும்போது நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். கரைத்துக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 10, வெள்ளி

மாடு கன்று போட்டது. கிடாரி. சீம்பால் காய்ச்சி நாச்சிமுத்து அண்ணன் வீட்டுக்கும் கொடுத்து அனுப்பினேன்.

ராசாமணி அண்ணன் கெஞ்சிக் கேட்டதால், மறுசோதனை வரை கத்தரி இல்லாமலே வண்டி அனுப்பக் கடைக்காரர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பறித்துப் பறித்துக் குழியில் கொட்டுகிறோம். முதல் நாள் ஏன் கொட்டுகிறாய், சந்தைக்குப் போடலாமே என்றார் இவர். மருந்து இருக்கிற காயை மனிதர்களுக்கு விற்பதா என்று பட்டென்று சொன்னேன். இவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 13

நாச்சிமுத்து அண்ணன் குப்பை எரிக்க வரப்பில் குவித்து வைத்திருந்தார். தீக்குச்சியைக் கிழிக்கும் முன்னால் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி, தலைக்கு மேல் தூவிப் பார்த்தார். மண் எங்கள் பக்கம் பறந்தது. எரிக்காமல் குப்பையைக் கூடையில் அள்ளிக்கொண்டு அந்தக் கோடிக்கு நடந்தார். வெறும் சருகு அது. அதன் புகையில் எனக்கு என்ன வந்துவிடும்?

முன்னெல்லாம் அவர் இப்படி மண்ணைத் தூவிப் பார்த்து நான் கண்டதில்லை.

மார்ச் 19, ஞாயிறு

மரகதம் அக்கா வந்தாள். நாச்சிமுத்து அண்ணன் சம்சாரம். எப்போதும் கலகலவென்று பேசுகிறவள், இன்று சீம்பால் பாத்திரத்தைத் திண்டில் வைத்துவிட்டு நின்றாள். ஊருக்குள் கடையில், கல்யாண வீட்டில், எல்லா இடத்திலும் இந்தப் பேச்சுத்தானாம். நாச்சிமுத்து மருந்தடித்து ஒன்பது குடும்பத்து வயிற்றில் மண்ணைப் போடப் பார்த்தான் என்கிறார்களாம்.

"கோயில்ல கற்பூரம் ஏத்தி வெச்சு, நான் செய்யலைன்னு அணைச்சுட்டு வாங்கன்னு சொன்னேன் துளசி. எந்திரிச்சு வேட்டிகூட மாத்திட்டாரு. அப்புறம் வாசல்லயே உக்காந்துட்டாரு. எனக்கே சந்தேகமா இருக்குது மரகதம், எப்படிச் சத்தியம் பண்றதுங்கறாரு. நாப்பது வருசமா பண்ணயம் பண்ற மனுசன், காத்து எந்தப் பக்கம்னு தெரியாமப் போயிடுச்சேன்னு ராத்திரியெல்லாம் பொலம்புறாரு."

காபி போடட்டுமா அக்கா என்று கேட்டேன். எனக்குக் கேட்க வந்தது அது ஒன்றுதான். வேண்டாம் என்று போய்விட்டாள்.

மார்ச் 20

சத்தியம் பண்ண வேண்டியவள் நான். கோயில் பக்கம் போகவே கால் கூசுகிறது.

ஏப்ரல் 3, திங்கள்

அகத்தி முழங்கால் உயரம் வந்துவிட்டது. நாச்சிமுத்து அண்ணன் குடத்தில் தூக்கி ஊற்றுகிறார். எங்கள் மோட்டார்த் தண்ணீர்க் குழாயை அந்தப் பக்கம் நீட்டிவிடலாம் என்று இவரிடம் சொன்னேன். இவர் மோட்டார் ஷெட்டில் எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே பேசினார்.

"நான் பழனியில இருந்து வந்த அன்னிக்கு டேங்க்கு பளபளன்னு கவுந்து கெடந்துச்சு. சோப்பு வாசம் அடிச்சுது. பஞ்சகவ்யம் அடிச்ச டேங்க்கை யாரும் சோப்புப் போட்டுக் கழுவ மாட்டாங்க துளசி."

எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்கத் தேவையில்லை, அவரே சொல்லிவிட்டார். தெரிந்துகொண்டுதான் பஞ்சாமிர்தத்தை என் கையில் வைத்திருக்கிறார். தெரிந்துகொண்டுதான் கூடை கூடையாகக் காயைக் குழியில் கொட்டியிருக்கிறார். ஏன் கேட்கவில்லை என்றேன். "நீயே சொல்லுவேன்னு இருந்தேன். அப்புறம் அந்த மனுசன் செடியப் புடுங்க ஆரம்பிச்சதும் எனக்கும் சொல்ல வாய் வரல. இப்ப நானும் உன்கூடச் சேந்தவன்தான்" என்றார்.

என் வெட்கத்தை நான் மட்டும் சுமக்கிறேன் என்று நினைத்திருந்தேன். இவரையும் சேர்த்து முக்கி எடுத்திருக்கிறேன்.

ஏப்ரல் 9

இன்று சொல்லிவிடலாம் என்று வரப்பு வரை போனேன். அண்ணன் இல்லை. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்னும் கேவலமாக இருக்கிறது.

ஏப்ரல் 17, திங்கள்

மறுசோதனையில் சுத்தம். போன வாரம் அவர்களே வந்து பறித்துப்போன காய். மருந்தின் சுவடே இல்லையாம். ராசாமணி அண்ணன் குரல் போனிலேயே துள்ளுகிறது. ஞாயிற்றுக்கிழமை குழு கூடி என் காட்டில் வைத்தே உறுதிமொழி எடுத்துக் கையெழுத்துப் போடுவார்களாம். நாச்சிமுத்து அண்ணனையும் கூப்பிட்டிருக்கிறாராம். விளைந்த செடியைப் பிடுங்கி வேலி வைத்த மனிதருக்குத் துண்டு போட்டு மரியாதை செய்யாவிட்டால் நாம் என்ன மனிதர்கள் என்றார்.

இவரிடம் சொன்னேன். "ஞாயித்துக்கெழமையா" என்று மட்டும் கேட்டார்.

ஏப்ரல் 23, ஞாயிறு

எழுதி முடிக்க முடியுமா தெரியவில்லை, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையிலேயே எல்லோரும் வந்துவிட்டார்கள். கோயமுத்தூர் கடையிலிருந்து அந்தப் பெண்ணும் வந்திருந்தாள். அகத்தி ஓரத்தில் வேப்பமர நிழலில் பாய் விரித்தோம். நாச்சிமுத்து அண்ணன் வெள்ளை வேட்டி சட்டையில், கல்யாணத்துக்கு வந்தவர் போல் ஓரமாக நின்றார். மரகதம் அக்கா வர மாட்டேன் என்றவள், கடைசியில் அவளும் வந்து பின்னால் நின்றுகொண்டாள். ராசாமணி அண்ணன் நான்கு நல்ல வார்த்தை பேசித் துண்டைப் போர்த்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பேசச் சொன்னார்கள். அவருக்குப் பேசிப் பழக்கமில்லை. துண்டின் நுனியைத் திருகிக்கொண்டு, "என்னால உங்களுக்கெல்லாம் ஒரு சங்கட்டம் வந்துபோச்சுங்க. தெரிஞ்சு செய்யலீங்க" என்றார். அதோடு விட்டிருக்கலாம். என் பக்கம் திரும்பி, என்னைவிட இருபது வயது மூத்த மனிதர், கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மிணி, மன்னிச்சுக்கோணுமுங்க."

நான் எழுந்தேனா, முதலிலேயே நின்றுகொண்டிருந்தேனா என்று நினைவில்லை. அவர் கைகளைப் பிடித்து இறக்கினேன்.

"அண்ணா, கும்புடாதீங்க. அந்த மருந்த அடிச்சது நான். தாராபுரத்துல வாங்கியாந்து நானேதான் அடிச்சேன். காத்தும் இல்ல, நீங்களும் இல்ல."

கன்றுக்குட்டி கத்தியது. ராசாமணி அண்ணன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அவர் செருப்பைத்தான் பார்த்தேன். கடைப் பெண் வாயில் கையை வைத்துக்கொண்டாள். திட்டுவார்கள், கை நீட்டினால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். நாச்சிமுத்து அண்ணன் என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் சொன்னது இன்னும் போய்ச் சேராதவர் போல. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப அது நானில்லீங்களா?"

"இல்லீங்ணா."

"நெசமாலுமே நானில்லையா?"

அவர் முகத்தில் வந்தது கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். காய்ச்சல் விட்ட குழந்தை போல் முகம் தெளிந்தது. பின்னால் திரும்பி, "மரகதம், நானில்லையாம்" என்றார். மரகதம் அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அழுதபடியே என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத மாட்டேன்.

அவர் துண்டை எடுத்து மடித்துப் பாயின் மேல் வைத்துவிட்டு, சம்சாரத்தை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது தன் அகத்தியைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

ஏப்ரல் 24

ராசாமணி அண்ணன் வந்தார். முடியவில்லை என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் நாங்கள் எட்டுப் பேரும் சேர்ந்து ஒரு வழி செய்திருப்போமே என்றார். ஏன் சொல்லவில்லை என்று எனக்கும்தான் புரியவில்லை. குழுவிலிருந்து என்னை நீக்கியாயிற்று. மற்றவர்களிடம் ஒரு மாதம் எடுக்க மாட்டார்களாம். போகும்போது, "உன்னைய நம்பி மேடை மேடையா பேசினேன்" என்று மட்டும் சொன்னார். சுவரில் இருந்த என் படத்தைக் கழற்றிவிட்டார்களாம்.

இவர் கூடவே இருந்தார். தனக்கும் தெரியும் என்று தானாகவே ராசாமணி அண்ணனிடம் சொன்னார். நான் வேண்டாம் என்று கண் காட்டினேன், கேட்கவில்லை.

மே 7, ஞாயிறு

இவர் ஊருக்குள் நடந்து போய், கடையிலும் கோயில் மேடையிலும் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் நாச்சிமுத்து அண்ணன் தப்பில்லை என்று சொல்லிவிட்டு வருகிறார். நானும் மூன்று வீட்டுக்குப் போனேன். எல்லோரும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள். நான் எழுந்து வந்தபின் என்ன பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் இந்த ஊர்க்காரிதானே.

மரகதம் அக்கா பேசுவதில்லை. வாய்க்கால் ஓரத்தில் எதிரே வந்தால் திரும்பிக்கொள்கிறாள்.

மே 15, திங்கள்

காங்கயம் சந்தையில் கத்தரிக்காய் விற்றேன். பிப்ரவரிக்குப் பிறகு எதுவும் அடிக்கவில்லை, வெறும் வேப்பங்கொட்டைக் கரைசல்தான். புழு இருக்கிறது. ஒரு அம்மாள் நாலு காயைப் பிளந்து பார்த்துவிட்டு, "மருந்தே அடிக்க மாட்டீங்களா?" என்று சலித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனாள். சிரிப்பு வந்தது. ரொம்ப நாள் கழித்து வந்த சிரிப்பு, சிரித்து முடிப்பதற்குள் அழுகையாகிவிட்டது. பக்கத்துக் கடைக்காரர் கண்ணில் தூசியா என்று கேட்டார்.

ஜூன் 2

மேல்காற்று தொடங்கிவிட்டது. கொடியில் துணி நிற்கவில்லை.

ஜூன் 11, ஞாயிறு

நாச்சிமுத்து அண்ணன் மறுபடி மிளகாய் நட்டிருக்கிறார். அகத்தியை வெட்டவில்லை. வெட்டிவிட்டு அந்த இடத்திலும் நடுவார் என்று நினைத்தேன், ஆடுகளுக்குத் தழை ஆகும் என்று விட்டுவிட்டாராம். அகத்தி இப்போது என் தலைக்கு மேல் நிற்கிறது.

இன்று விடிகாலையில் கத்தரிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் டேங்க்கை முதுகில் மாட்டிக்கொண்டு அவர் வந்தார். நான் இருப்பதைப் பார்க்கவில்லை. மேல்காற்று மேற்கிலிருந்து, என் காட்டிலிருந்து அவர் காட்டுக்கு, அகத்தித் தலையெல்லாம் அந்தப் பக்கம் சாயும்படி அடித்துக்கொண்டிருந்தது. ஆடி மாதம் வரை அது இப்படித்தான் அடிக்கும், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவர் நின்றார். டேங்க்கோடு கஷ்டப்பட்டுக் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளித் தூவிப் பார்த்தார். மண் அவர் சட்டை மேலேயே விழுந்தது. இரண்டடி தள்ளிப் போய் இன்னொரு பிடி அள்ளினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அகத்தியை விலக்கிக்கொண்டு போய் நின்றேன். ஏப்ரலுக்குப் பிறகு அவரிடம் நான் பேசுவது இதுதான் முதல் தடவை.

"அண்ணா, அதெல்லாம் பாக்க வேண்டாமுங்க. எனக்கு இனிச் சான்றிதழும் இல்ல, கடையும் இல்ல. நீங்க எப்ப வேணாலும் அடிச்சுக்குங்க."

அவர் கையில் மிச்சமிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். என்னைப் பார்த்தார், கோபமும் இல்லை, பழைய சிரிப்பும் இல்லை.

"உங்களுக்காக இல்லீங் அம்மிணி. பழகிப்போச்சு. இப்பெல்லாம் பாக்காம எனக்கே நம்பிக்கை வர்றதில்ல" என்று சொல்லிவிட்டு, மூன்றாவது முறையும் குனிந்தார்.

தண்ணீர் மடை உடைந்து வழிவதாக இவர் கூப்பிட்டார். போய் மண்வெட்டி எடுத்து அடைத்தேன்.